உறை மேல் எழுதிய பெயர்

கப்சிரோ,
ஏப்ரல் 6

அன்புள்ள கிப்யாத்தோர் அண்ணா,

உறை மேல் அப்பா சொன்னபடி எலியாசர் என்ற பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளேயும் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் தபாலில் போடாமல் மத்தாத்து வேன் ஓட்டும் சில்வானஸிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. முகாமில் யாராவது உன் கடிதத்தைப் பிரிப்பார்கள் என்றால் சொல்லிவிடு. இனி மழையையும் மாடுகளையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எலியாசர் அண்ணனை மாமாவின் சோளக்காட்டில் புதைத்து இன்றோடு நாற்பத்தோரு நாள். பள்ளத்தாக்கில் இறந்ததால் மேலே ஊருக்குச் செய்தி ஏறவில்லை. எலியாசர் ஓட்டப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டான், கிப்யாத்தோர் பள்ளத்தாக்குச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்விட்டான் என்று அப்பா எல்லோரிடமும் ஒரே மூச்சில் சொல்கிறார். முதல் வாரம் நாக்கு தடுமாறியது. இப்போது தடுமாறுவதில்லை.

நான்காம் நாள் நாம் எல்லோரும் தலை மழித்திருக்க வேண்டும். ஊர் பார்த்துவிடும் என்று அப்பா விடவில்லை. அம்மா அதைக் கேட்டாள். அப்பா சொன்னது இதுதான்: "பாஸ்போர்ட்டு வந்தாச்சு. அவன் ஓடி ஜெயிச்சு வாங்குன இடம் அது. அதையும் குழியில போட்டு மூடணுமா?" அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. மாவு அரைக்கும்போது மட்டும் திடீரென்று கையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழுதால் பக்கத்து வீட்டு ராயேலுக்குக் கேட்கும். அதனால் அழுவதும் இல்லை.

உன் தெரேசியா இரண்டு முறை கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்கண்ணன் போன சுரங்கத்துல பேனா பென்சில்கூட கிடையாதாக்கும்?" என்று கேட்டாள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உனக்குத் தெரியும், எனக்கு யார் முன்னாலும் வாய் வராது. நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது.

ஜெமெலி


பயிற்சி முகாம்,
ஏப்ரல் 17

ஜெமெலி,

படித்ததும் அடுப்பில் போடு. இங்கே யாரும் கடிதத்தைப் பிரிப்பதில்லை. ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர். எதற்கும் பூட்டு கிடையாது. சில்வானஸிடமே கொடுத்தனுப்பு.

நான் நன்றாக இருக்கிறேன். விடியும்போது ஒரு ஓட்டம், பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. உகாலிக் களி, கீரை, பால் விட்ட டீ. மற்ற ஏழு பேருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. எனக்கு இருபத்துமூன்று. அவர்கள் எழுவதற்கு முன் எழுந்து முகம் மழித்துக்கொள்கிறேன். ஆனாலும் என்னைக் "கிழவா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். விளையாட்டுக்குத்தான். நான் திரும்பாமல் இருக்கப் பழகிவிட்டேன். அவர்கள் "எலியாசர்" என்று கூப்பிட்டாலும் திரும்பாமல் இருப்பதுதான் சிக்கல்.

பயிற்சியாளர் பெனடிக்ட், எலியாசரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், மாகாணப் போட்டியில். அவன் கடைசி ஆளுக்கு முந்தின ஆளாகச் சோம்பேறி மாதிரி ஓடிக்கொண்டிருந்து, கடைசி இருநூறு மீட்டரில் எல்லோரையும் தாண்டினான் இல்லையா? நான் அப்படி ஓடுகிறவன் இல்லை. துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போய்விடுவேன், கடைசியில் செத்துப்போவேன். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "மாகாணத்துல கடைசி இருநூறுல பறந்தானே ஒருத்தன், அவன் எங்கடா போனான்?"

"மலைக்குக் கீழ விட்டுட்டு வந்துட்டேன் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் ஓட ஆள் இல்லை.

தெரேசியாவிடம் ஆகஸ்டில் வருவேன் என்று சொல். மற்றதை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

கிப்யாத்தோர்


கப்சிரோ,
மே 3

அண்ணா,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மாவு டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோபப்படாதே. அது ஒன்றில்தான் உன் பெயர் உன் கையால் எழுதியிருக்கிறது.

இந்தக் கடிதம் பாதி எனதில்லை, அம்மாவுடையது. அப்பா சந்தைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவனைத் தோத்துட்டு வரச் சொல்லு. தோத்துட்டா யாரும் எலியாசர் எங்கன்னு கேக்க மாட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு, காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிக்கலாம். நான் தலைய மழிச்சுக்குவேன். வாய்விட்டு அழுவேன். ஜெயிச்சுட்டான்னா அடுத்த வருசமும் எலியாசர் ஓடணும், அதுக்கடுத்த வருசமும் ஓடணும். எம்புள்ள எப்ப சாவான்?"

அம்மா சொன்னது இவ்வளவுதான். இனி எழுதுவது நான்.

பிப்ரவரியில் ஆடுகளை மாமா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியது நீதான். அப்பா உன்னிடம்தான் சொன்னார். நம் வீட்டுக் குளிரில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளத்தாக்குக் கொசு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். எலியாசருக்கு முகாமுக்குப் போகப் பத்து நாள்தான் இருந்தது. அவன் ஏன் போனான்? நீ எங்கே இருந்தாய்? அப்பாவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. நேரில் என்றால் நானும் கேட்டிருக்க மாட்டேன். தாளில் என்பதால் கேட்கிறேன்.

ஜெமெலி


பயிற்சி முகாம்,
மே 15

ஜெமெலி,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். ஆனால் மறக்க முடியவில்லை. அதுதானே உனக்கு வேண்டும்?

தெரேசியா வீட்டில் இருந்தேன். போதுமா? அவள் அப்பா ஊரில் இல்லை. எலியாசரிடம், "நீ ஓட்டிட்டுப் போடா, உனக்கும் மலையேறிப் பழகுன மாதிரி ஆச்சு" என்று சொன்னேன். அவன், "போறேன், ஆனா தெரேசியா அண்ணிகிட்ட எனக்கொரு பை கடலை வாங்கிவை" என்றான். வாங்கிவைத்தேன். அவன் திரும்பி வராததால் நான்தான் தின்றேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி இதைப் பற்றி எழுதாதே.

அம்மாவிடம் சொல். தோற்பது எனக்கு நன்றாகத் தெரியும், இருபது வயது வரை அதைத்தான் செய்தேன். வேண்டுமென்றே தோற்கத் தெரியாது. அவன் இடத்தில் நின்றுகொண்டு தோற்றால் அவனை இரண்டாவது முறை பள்ளத்தாக்குக்கு அனுப்பியது மாதிரி ஆகும். ஜூலையில் டூனிஸ் நகரத்தில் ஆப்பிரிக்க இளையோர் போட்டி. ஆயிரத்து ஐநூறு மீட்டருக்கு நம் நாட்டிலிருந்து இரண்டு பேர். ஜூன் இருபதாம் தேதி நைரோபியில் தேர்வு. அவன் பெயர் ஒரே ஒரு முறை ரேடியோவில் வரட்டும். அதற்குப் பிறகு அம்மா சொல்வதைச் செய்வேன். ஜூலை வரை பொறுக்கச் சொல்.

கிப்யாத்தோர்


கப்சிரோ,
ஜூன் 28

அண்ணா,

நீ தேர்வானது ரேடியோவில் வந்தது. ஒரு மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. பாதிரியார் வந்தார், பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். இத்தனை வருடம் அம்மாவைக் "கிப்யாத்தோர் அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். அன்று முதல் "எலியாசர் அம்மா" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது.

நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு, அப்பா இல்லாதபோது அம்மா தானே தலையை மழித்துக்கொண்டாள். சாம்பலில் முடியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். பெண்கள் பாடி ஆடும்போது ராயேல் அம்மாவின் தோளைப் பிடித்துச் சுற்றினாள், துணி அவிழ்ந்துவிட்டது. பாட்டு நின்றது.

"எலியாசர் அம்மா, இது என்ன கோலம்? யாரு செத்தா?" என்றாள் ராயேல்.

அம்மா வாய் திறந்தாள். அவள் சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்தது. அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால் நான் பேசினேன். "பேன். எங்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "பேசாத பொண்ணு பேசுனதே பேனுக்குத்தான்" என்று தலைமையாசிரியர்கூடச் சிரித்தார். ராயேல் ஓடிப்போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள். அப்புறம் என்னையும் மழிக்காமல் விட்டால் சந்தேகம் வருமே. முற்றத்திலேயே உட்காரவைத்து அம்மா எனக்கு மழித்தாள். சுற்றி நின்று கேலி பேசினார்கள். காதுக்கு மேல் ஒரு வெட்டு விழுந்தது. அத்தனை சிரிப்புக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் எலியாசருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். ஆனால் அழ முடியவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொழுவத்துக்குப் போனார். மாடுகள் எல்லாம் மேய்ச்சலில் இருந்தன, தொழுவத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

ஜூலை வரை பொறுக்கிறேன் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

ஜெமெலி


நைரோபி,
ஜூலை 11

ஜெமெலி,

நாளை விமானம். இதை சில்வானஸின் தம்பியிடம் கொடுக்கிறேன்.

இன்று பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். இதுவரை அது பெனடிக்ட் சாரிடம் இருந்தது. அதில் உள்ள எலியாசரின் படத்தை நான் இன்றுதான் பார்த்தேன். சட்டை என்னுடையது. என்னிடம் கேட்காமல் போட்டுக்கொண்டு போய் எடுத்திருக்கிறான். அலுவலகத்தில் ஒருவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப ஓடி இளைச்சுட்டியே தம்பி" என்றார். ஆமாம் என்றேன்.

தேர்வில் நான் இரண்டாவதாக வந்தேன். பழைய மாதிரி முன்னால் ஓடவில்லை. அவனை மாதிரி பின்னால் நின்றேன். பின்னால் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருக்கிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே, இப்போது இல்லை, இப்போது இல்லை என்று காலைப் பிடித்துவைக்க வேண்டும். அவனைச் சோம்பேறி என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் இறுதிப் போட்டி. கடை ரேடியோவில் கேளுங்கள். தெரேசியாவிடம் சொல், ஆகஸ்டில் பெரியவர்களோடு அவள் வீட்டுக்கு வருவேன். இதை மட்டும் வெட்கப்படாமல் சொல்லிவிடு.

அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது. வந்தபிறகு பார்த்துக்கொள்கிறேன்.

கிப்யாத்தோர்


கப்சிரோ,
ஜூலை 22

அண்ணா,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. முகாமுக்குக் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து உனக்கு அனுப்புவார்கள் என்று சில்வானஸ் சொன்னார்.

கடை வாசலில் ஊரே நின்றது. கடைசிச் சுற்று மணி அடிக்கும் வரை ரேடியோக்காரர் எலியாசர் என்ற பெயரைச் சொல்லவே இல்லை. எத்தியோப்பியாக்காரன், மொராக்கோக்காரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம பையன் தூங்கிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் ஒரு முறை சொன்னார். அப்புறம் அந்தப் பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. எலியாசர், எலியாசர், எலியாசர் என்று கத்தினார். அப்பாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அப்பா அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் அவர் முதுகைத் தட்டினார்கள்.

நீ வரும்போது கொடுக்க வேண்டும் என்று பெண்கள் அம்மாவின் கையில் முர்சிக் பால் குடுவையைக் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். மலைப்பாதையில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு மணி நேரம் நடந்தோம். மாமா காட்டில் சோளம் அறுத்திருந்தார்கள். சோளத்தாள் காலில் குத்தியது. அவனைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. அம்மா உட்கார்ந்து, குடுவையைத் திறந்து, புளித்த பாலை அந்தப் புல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"ஜெயிச்சுட்டியாம்" என்றாள்.

ஊருக்குத் திரும்பியபோது குடுவை காலியாக இருந்ததை ராயேல் பார்த்தாள். கேட்கவில்லை.

அண்ணா, நீ சொன்னபடி அவன் பெயர் ரேடியோவில் வந்துவிட்டது. இனி வந்துவிடு. தெரேசியாவிடம் சொல்லிவிட்டேன். என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் வர்றதுக்குள்ள உனக்கு முடி வளந்துடும்" என்றாள். தேதியை எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன்.

ஜெமெலி


ஜெர்மனி,
ஆகஸ்ட் 14

ஜெமெலி,

உன் கடிதம் இங்கே வந்து சேர்ந்தது. மூன்று முறை படித்தேன்.

மேடையில் பெயரைக் கூப்பிட்டபோது நான் ஏறவில்லை. அவன் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். உண்மையாகவே அப்படித்தான் நின்றேன். மொராக்கோப் பையன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். அதன் பிறகுதான் ஏறினேன்.

அன்றே ஒரு ஜெர்மானியர் பெனடிக்ட் சாரிடம் பேசினார். இங்கே ஒரு சங்கத்தில் ஓட வேண்டும். மூன்று வருடம். தங்க அறை இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்களாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். யார் பெயரில் என்று உனக்குத் தெரியும். இப்போது உண்மையைச் சொன்னால் பதக்கம் போகும், அப்பா ஜெயிலுக்குப் போவார், பெனடிக்ட் சாருக்கும் வேலை போகும். இதையெல்லாம் யோசித்துத்தான் போட்டேன் என்று எழுத நினைத்தேன். உன்னிடம் பொய் எழுத வரவில்லை. எனக்கு ஓட வேண்டும். இதற்கு முன் நான் ஜெயித்ததே இல்லை, ஜெமெலி.

அம்மா அழ வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிப்யாத்தோர் இறந்துவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். சுரங்கத்தில் இருந்தபோது காய்ச்சல் வந்தது, மாமா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே போய்விட்டான், அங்கேயே புதைத்தார்கள். குழியும் இருக்கிறது. சிலுவையில் என் பெயரை எழுதுங்கள். எல்லோரும் தலை மழித்துக்கொள்ளுங்கள், சத்தம் போட்டு அழுங்கள். பெயர் மட்டும்தான் மாறும். மற்றதெல்லாம் உண்மைதானே.

தெரேசியாவிடம் நீ சொல்ல வேண்டாம். ஊர் சொல்லட்டும்.

எலியாசர்


கப்சிரோ,
செப்டம்பர் 20

அண்ணா,

நீ சொன்னபடி செய்துவிட்டோம்.

முதலில் குழியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஏழு மாதக் குழியைப் போன வாரத்துக் குழி என்று யாரிடம் சொல்வது? ஊர் இறங்கி வருவதற்கு முன் மாமாவும் நானும் புல்லைப் பிடுங்கி, மேல்மண்ணைக் கிளறி, ஈரமண் கொண்டுவந்து போட்டோம். மாமா காட்டு வாசலில் காவல் நின்றபோது நான் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினேன். மாவு டின்னுக்கு அடியில் இருந்த உன் கடிதங்களை, நீ கிப்யாத்தோர் என்று கையெழுத்துப் போட்ட மூன்றையும், உள்ளே வைத்து மூடினேன். சிலுவையில் உன் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே உன்னுடையது ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றியது. நீ கடைசியாக எழுதியதை வைக்கவில்லை. அதில் உன் பெயர் இல்லை.

ஊர் முழுக்க வந்தது. உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். பெனடிக்ட் சாரும் முகாமிலிருந்து வந்தார். சிலுவையில் இருந்த பெயரை நெடுநேரம் பார்த்தார். பேசச் சொன்னபோது, "இந்தப் பையன நான் பாத்ததில்ல. பாத்திருந்தா நல்லா ஓட வெச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

தெரேசியாவுக்கு ராயேல்தான் சொன்னாள். ஓடி வந்தாள். எங்களோடு வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். "நீ அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, நீ மழிக்க வேண்டாம்" என்று பெரியம்மாக்கள் சொன்னார்கள். "ஆகஸ்டுல வரேன்னு சொன்னான்" என்று மட்டும் சொன்னாள். அம்மா கத்தியை வாங்கி அவளுக்கும் மழித்தாள். என் தலைமுடி மறுபடி வளர்ந்திருந்தது, எனக்கும் மழித்தாள். அப்பாவுக்கு மாமா மழித்தார். தெரேசியா என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அந்த மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் அதிகம் பேசாதவள் என்பது நல்லதாகப் போயிற்று. நீ எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாய். அவளை யோசிக்கவில்லை.

அம்மா அழுதாள். நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. சோளக்காட்டில் இருந்த பறவைகள் எழுந்து பறந்துவிட்டன. பெயர் சொல்லித்தானே அழ வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லுவாளோ என்று அப்பாவும் நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா "கிப்யாத்தோர்" என்றுதான் அழுதாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன். குடித்தாள். அதன் பிறகு, அண்ணனுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அழுதேன். இனி யாருக்கு எழுதப் போற?" என்றாள்.

அவள் இப்போது தூங்குகிறாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் பகலில் தூங்கி நான் பார்ப்பது இன்றுதான்.

இந்த முறை உறை மேல் கிப்யாத்தோர் என்று எழுதுகிறேன். நீ இருக்கும் விலாசத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். தெரிந்துதான் எழுதுகிறேன். அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன் என்று எனக்கு இருக்க வேண்டும்.

ஜெமெலி